காதடியில் ஒரு கட்டி



கூகைக்கட்டு என்றால் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். காதடி வீங்கும், காய்ச்சல் காயும், சில நாளில் வடிந்துவிடும். அதே இடத்தில் தோன்றி வடியாது நிற்கும் வேறொரு வீக்கத்தைப் பற்றியே இன்று பேச வந்தேன். நான் வைத்தியனல்லன், படித்தறிந்ததைச் சொல்கிறேன்.

உமிழ்நீரைச் சுரக்கும் பெருஞ்சுரப்பிகள் மூன்று இணை. காதின் முன்னும் கீழுமாக ஒன்று, தாடையெலும்பின் கீழே ஒன்று, நாவடியில் ஒன்று. இவையன்றி உதட்டின் உட்புறத்திலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் பரந்து கிடக்கின்றன. இதில் ஒரு விந்தையுண்டு. சுரப்பி சிறிதாகச் சிறிதாக, அதில் எழும் கட்டி புற்றாயிருக்கும் வாய்ப்புப் பெரிதாகின்றது. காதருகே எழுவனவற்றுள் நான்கிலோ ஐந்திலோ ஒன்றே கொடியது. சிறு சுரப்பிகளிலோ ஏறத்தாழச் சரிபாதி. ஆதலின் அண்ணத்தில் ஒரு சிறு தடிப்பு மறையாது நின்றால், அதை அற்பமென்று தள்ளுவதற்கில்லை.

வெற்றிலையோடு புகையிலை மெல்லுவதால் வரும் வாய்ப்புற்றை நம்மவர் அறிவர். சுரப்பிப் புற்றோ வெற்றிலையே அறியாதவரையும் பற்றும். தொடக்கத்தில் பெரும்பாலும் புண்ணில்லை, நோவில்லை. நம் திருகோணமலைத் துறைமுக நீரைப் போல மேலே அமைதி. ஆழம் அளந்தவர்க்கே தெரியும்.

கட்டி விரைந்து பெருத்தல், அசையாது இறுகுதல், தோல் மரத்தல் ஆகியன ஐயத்துக்குரியன. எல்லாவற்றினும் முதன்மையானது முகத்தின் ஒரு பக்கம் சோர்தல். முகநரம்பு காதருகேயுள்ள சுரப்பியினூடாகவே செல்கின்றது. தீதற்ற கட்டி அந்நரம்பை ஒதுக்கித் தள்ளுமேயன்றி, அதனைச் செயலிழக்கச் செய்வது மிக அரிது. கட்டியிருப்பவர்க்குக் கண் மூடாமலோ வாய் கோணியோ போனால், வாதமென்று எண்ணெய் பூசியிருத்தல் ஆகாது.

பற்றுப் போடுவோரும், “கீறிவிட்டால் தீர்ந்தது” என்று அவசரப்படுவோரும் நம்மிடையே உளர். கீறினால் கட்டியின் கலங்கள் சிந்திச் சூழவுள்ள இழையத்தில் வேரூன்றக்கூடும். ஸ்கேன் எடுத்து, மெல்லிய ஊசியால் கலங்களை உறிஞ்சி நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்குவதே முறை. அந்த ஊசியும் சில வேளை திடமாகச் சொல்லாது. முழுக்கட்டியும் அகற்றப்பட்ட பின்பே பெயர் தெரியவரும்.

ஏன் இத்தனை சிரமம்? இவற்றில் இருபதுக்கு மேற்பட்ட கொடிய வகைகள் உள. அவை ஒன்றையொன்று போலிருக்கும். நோயாளரோ மிகச் சிலர். பேராதனைப் பல்மருத்துவ பீடத்துப் பேராசிரியர் திலகரத்ன முதலானோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டில் கண்ட 713 கட்டிகளைத் தொகுத்து நோக்கியது. அத்தகைய தொகுப்பே, அரியதைக் கண்டவுடன் அடையாளம் காணும் கண்ணைப் பயிற்றுகிறது.

பெயர் சூட்டுதல் வீண் புலமையன்று. அடினாய்டு சிஸ்டிக் என்னும் வகை நரம்பின் வழியே ஊர்ந்து செல்லும். பத்தாண்டு கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும். முன்னர் வேறொன்றோடு சேர்த்தெண்ணப்பட்ட ஒரு வகை, 2010இல் அதன் பரம்பரையலகுப் பிணைப்பால் தனியே இனங்காணப்பட்டது. அப்பிணைப்பின் விளைவைத் தடுக்கும் மாத்திரைகள் இன்று உள.

மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ கிளினிக்குக்கு வருவோர்க்கு ஒரு நாட்கூலி போய்விடும் என்பதை அறிவேன். எனினும் மூன்று வாரத்தில் வடியாத கட்டியை வைத்தியரிடம் காட்டுங்கள். அண்ணத்துத் தடிப்பாயின் பல்வைத்தியரே போதும். சத்திரசிகிச்சை பெற்றவர்கள் இழையப் பரிசோதனை அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஐந்தாண்டு கழிந்ததென்று வைத்தியசாலைக்குச் செல்வதை நிறுத்தாதீர்கள்.