எலும்புக்கு டாஷ்போர்டு கிடையாது

அடுத்த எபிசோடு ராஜபாளையத்துல இருந்துன்னு சொன்னதும், "நாய் பத்தியா ப்ரோ?"ன்னு கேட்டீங்க. இல்லை. இன்னைக்கு எலும்பு.

தமிழ்நாடு சிறப்புக் காவல் படையோட 11-வது பட்டாலியன் எங்க ஊர்லதான் இருக்கு. அதனாலயோ என்னவோ, விடியறதுக்கு முன்னாடியே ரோட்டுல ஓடுற பசங்களைப் பார்த்துப் பார்த்துதான் நான் வளர்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிற என் சித்தி பையனும் இப்போ அதுல ஒருத்தன். கான்ஸ்டபிள் எழுத்துத் தேர்வுல பாஸ் ஆயிட்டான். அடுத்தது உடல் திறன் தேர்வு. 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள ஓடணும். அதுல தவறினா அந்த வருஷம் அவ்வளவுதான்.

"அண்ணே, ஒரு பிளான் போட்டுக் கொடுங்க"ன்னு கேட்டான். நான் என்ன பண்ணுவேன்? ஷீட் போட்டேன். என் பழைய ஸ்மார்ட்வாட்சையும் கொடுத்தேன். முதல் வாரம் தினமும் 2 கிலோமீட்டர், மூணாவது வாரம் 6, நாலாவது வாரம் 8. வேகம் கூடுது, இதயத் துடிப்பு குறையுது, கிராஃப் அழகா மேல போகுது. பெங்களூர்ல ஆபீஸ்ல உட்கார்ந்து அதைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை.

நாலாவது வாரக் கடைசியில முழங்காலுக்குக் கீழ, முன்பக்க எலும்புல வலின்னான். "தசைப்பிடிப்பா இருக்கும், ஐஸ் வைடா"ன்னேன். கூட ஓடினவங்க சோம்பேறித்தனம்னாங்க. அவனும் பல்லைக் கடிச்சுட்டு இன்னும் பத்து நாள் ஓடினான். எக்ஸ்ரேல ஒன்னும் தெரியல. வலி நிக்காததால எம்ஆர்ஐ எடுத்தப்போதான் தெரிஞ்சது, முன்னங்கால் எலும்புல கீறல். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்.

அன்னைக்கு ராத்திரிதான் எலும்பு பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். ஸ்கூல்ல நாம என்ன படிச்சோம்? உடம்புக்கு உருவம் கொடுக்குது, உறுப்புகளைப் பாதுகாக்குது, மொத்தம் 206. கேட்டா ஏதோ கட்டடத்துக்குப் போட்ட கம்பி மாதிரி இருக்கும். ஆனா எலும்பு உயிருள்ள திசு. தினமும் தன்னைத்தானே இடிச்சுக் கட்டிக்கிட்டே இருக்கு. ஒரு வகை செல் பழைய எலும்பைக் கரைக்குது, இன்னொரு வகை வந்து புதுசாக் கட்டுது. எங்க பாஷையில சொன்னா, சர்வரை நிறுத்தாம புரொடக்‌ஷன்லயே கோடு மாத்துற வேலை.

எங்க சுமை அதிகமோ அங்க அதிகமாக் கட்டும். சின்ன வயசுல இருந்தே டென்னிஸ் ஆடுறவங்களுக்கு ராக்கெட் பிடிக்கிற கை எலும்பு மத்த கையை விடத் தடிமனா இருக்கும். சுமையே இல்லாத விண்வெளியில மாசக்கணக்குல இருக்கிறவங்களுக்கு இடுப்பு எலும்பு மாசத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல குறையுது. அதாவது ஓட்டம் எலும்புக்கு எதிரி இல்லை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலயும் உடல் எடையைப் போல 2, 3 மடங்கு விசை கால்ல இறங்குது. பாதத்துல இருக்கிற 26 எலும்பும் வளைவா அமைஞ்சு, அதுல ஒரு பகுதியை ஸ்பிரிங் மாதிரி வாங்கித் திருப்பிக் கொடுக்குது. மிச்சம் மேல ஏறுது. அந்த அதிர்வுதான் எலும்புக்கு "இங்க பலப்படுத்து"ன்னு போற செய்தி.

பிரச்சனை எங்கன்னா, கட்டறதுக்கு முன்னாடி இடிக்கணும். கரைக்கிற வேலை சில வாரத்துல முடிஞ்சிடும், நிரப்புற வேலைக்கு மாசக்கணக்காகும். நடுவுல அந்த எலும்பு முன்னை விட பலவீனமா இருக்கும். நுரையீரலும் தசையும் அப்படி இல்லை, சில வாரத்துலயே தேறிடும். அதனால மூணு நாலு வாரம் ஆனதும் "இப்போதான் செட் ஆயிடுச்சு"ன்னு தோணும். அந்த நேரத்துலதான் எலும்பு குழி தோண்டிப் போட்ட ரோடு மாதிரி கிடக்கும். நான் சரியா அந்த வாரத்துல 8 கிலோமீட்டர் எழுதி வச்சிருந்தேன். வாட்ச் எல்லாத்தையும் அளந்துச்சு, இதைத் தவிர.

இது புதுசும் இல்லை. 1855-லயே பிரைட்ஹாப்ட்னு ஒரு பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட நடைக்கு அப்புறம் சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிக்கிறதை எழுதி வச்சார். காரணம் அவருக்குத் தெரியல. 1895-ல எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது பாத எலும்புல விழுந்த கீறல்னு புரிஞ்சது.

பெரிய ஆட்களுக்கும் இதே கதைதான். பும்ராவுக்கு 2019-ல கீழ் முதுகுல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். வேகப்பந்து வீசுறவர் முன்னங்காலை ஊன்றும்போது முதுகு வளைஞ்சு முறுக்கும், முதுகெலும்போட பின்பக்க மெல்லிய பகுதி அதைத் தாங்கணும். 2022 டி20 உலகக் கோப்பையை முதுகுப் பிரச்சனையால தவறவிட்டார், 2023-ல அறுவை சிகிச்சை, 2024 உலகக் கோப்பையில தொடர் நாயகன். அவரைச் சுத்தி ஒரு மருத்துவக் குழுவே இருந்தது. என் தம்பிக்கு இருந்தது என் ஷீட்.

இப்போ ஓடுறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, ஒரு விஷயம். எலும்பு மேல விரலால அழுத்திப் பாருங்க. நீளமா பரவலா வலிச்சா அது பெரும்பாலும் வேற, வேகத்தைக் குறைச்சா தணியலாம். ஒரே புள்ளியில சுருக்குனு வலிச்சா, ஒத்தைக் கால்ல குதிக்க முடியலைன்னா, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிச்சா, ஓட்டத்தை அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமப் போறது சகஜம்னு ஞாபகம் வச்சுக்கோங்க. பயிற்சி எடுக்கிற பொண்ணுங்களுக்கு இன்னொன்னு. சாப்பாட்டைக் குறைச்சுட்டு ஓடி, பீரியட்ஸ் நின்னு போனா "நல்லதாப் போச்சு"ன்னு விடாதீங்க. ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சா எலும்பும் குறையும்.

சித்தி வேற தினமும் பால்கோவா ஊட்டினாங்க. "கால்சியம்டா"ன்னு. (சிரிப்பு) கால்சியம் இருக்குதான், ஆனா சுமையைக் கூட்டின வேகத்துக்கு அது மருந்து ஆகாது.

அந்தத் தேர்வுக்கு அவன் போகல. ஹால் டிக்கெட் மேஜையில இருந்தது, அவன் கட்டில்ல இருந்தான். நான் ஸாரி சொன்னப்போ, "நீங்க என்னண்ணே பண்ணுவீங்க"ன்னான். அது இன்னும் உறுத்துது.

ஒன்பது வாரம் ஓடல. மூச்சு குறையாம இருக்க டாக்டர் சொன்ன பிறகு சைக்கிள் மிதிச்சான். வயசு வரம்புப்படி அவனுக்கு இன்னும் ஒரு தேர்வு மிச்சம் இருக்கு. போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தார் ரோட்டை விட்டுட்டு மண் கிரவுண்டுல, ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். நானும் கூட ஓடினேன், மூணாவது ரவுண்டுலயே உட்கார்ந்துட்டேன். புது ஷீட்டை அவனே நோட்டுல போடுறான். அதுல ஒரு காலம் புதுசா இருக்கு: "அழுத்தினா வலிக்குதா?" பதினோரு நாளா "இல்லை"ன்னு எழுதியிருக்கான்.