சீனப் போரும் தமிழ்நாட்டின் ஒற்றுமையும்

  

ஒரு நாடு ஒன்றுபட எதிரி வேண்டுமா? அவையில் பலருக்கும் பழக்கமான கேள்விதான். ஜெர்மானிய அறிஞர் கியோர்க் சிம்மல் இதை எழுப்பினார். லூயிஸ் கோசர் 1956-இல் ஒரு நூலாகவே விரித்தார். வெளிப்பகை ஒரு கூட்டத்தை இறுக்கும் என்றவர், ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்: அந்தக் கூட்டத்துக்குள் அடிப்படை உறவு முன்பே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே பகை அதைப் பிளக்கும். தமிழக ஆய்வாளர்கள் பலர் முதல் பாதியை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டார்கள். அதன் விளைவாகக் கருத்தரங்குக்குக் கருத்தரங்கு ஒரே வாக்கியம் ஒலிக்கிறது: “தமிழ்நாட்டை இந்தியாவோடு சேர்த்து வைத்தது சீனப் படையெடுப்பு.” இந்தச் சொற்பொழிவு அந்த வாக்கியத்தை மறுக்கிறது.

அதற்கு 1962-ஐ நிதானமாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தக் கதையின் வேர் இந்தச் சேலம் மாவட்டத்திலேயே இருக்கிறது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 ஆகஸ்ட் 27-இல், சேலம் மாநாட்டில். தீர்மானம் அண்ணாவின் பெயரால் வந்தது. 1949-இல் பிரிந்துபோன தி.மு.க.வும் தனி நாடு கேட்கும் திராவிட நாடு கோரிக்கையைக் கையோடு எடுத்துச் சென்றது. 1962 பிப்ரவரித் தேர்தலில் அக்கட்சிக்குச் சட்டமன்றத்தில் 50 இடங்கள் கிடைத்தன. காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா மாநிலங்களவைக்குப் போனார். மே 1-ஆம் தேதி அவர் ஆற்றிய கன்னிப்பேச்சில் தன்னுரிமைக் கோரிக்கை டெல்லியின் முகத்துக்கு நேராகவே வைக்கப்பட்டது.

அக்டோபர் 20-இல் சீனப் படைகள் எல்லையைத் தாண்டின. 26-ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. விலைவாசிப் போராட்டத்தில் அந்த ஆண்டு சிறை சென்றிருந்த அண்ணா, வெளியே வந்ததும் பிரிவினைப் பேச்சை ஒதுக்கிவைத்துப் போர் முயற்சிக்கு ஆதரவு திரட்டினார். நவம்பர் 21-இல் சீனா தானாகவே போரை நிறுத்தியது. 1963 அக்டோபரில் 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்காமல் இனி தேர்தலில் நிற்க முடியாது. அடுத்த மாதமே தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையை முறைப்படி கைவிட்டது.

அந்த வாக்கியத்தைச் சொல்லும் ஆய்வாளர் நண்பர்கள் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். முடிக்கக் கூடாத இடம் இது. படையெடுப்பு ஒரு கோரிக்கையை ஓரங்கட்டியது, சட்டத் திருத்தம் அதன் கதவை அடைத்தது. இவை இரண்டும் உண்மை. ஆனால் கோரிக்கை போனதும் மனக்குறை போய்விட்டதா?

1964 ஜனவரி 25-இல் கீழப்பழூர் சின்னசாமி திருச்சியில் தமிழுக்காகத் தீக்குளித்தார். சீனப் போர் நின்று அப்போது பதினான்கு மாதங்கள். சரியாக ஓராண்டு கழித்து, இந்தி ஒரே ஆட்சிமொழியாகவிருந்த 1965 ஜனவரி 26-ஐ ஒட்டி மாநிலமே பற்றி எரிந்தது. சாவு எண்ணிக்கை சுமார் 70 என்பது அரசுக் கணக்கு. சீனாவைக் காட்டி அறிவித்த நெருக்கடி நிலை அன்றும் நீக்கப்படவில்லை; 1968 ஜனவரி வரை நீடித்தது. வடக்கே எதிரி நிற்கிறான் என்ற அறிவிப்பு சட்டமாக நடப்பில் இருந்தபோதே, தமிழ்நாட்டுத் தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பகைதான் ஒற்றுமையைத் தரும் என்றால், இந்த ஒரு மாதத்தை எப்படி விளக்குவது? நண்பர்களின் கட்டுரைகளில் இதற்கு விடை இல்லை.

தீ தணிந்தது வேறு வழியில். பிப்ரவரி 11-இல் மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்றிரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் நீடிக்கும் என்ற நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்றார். 1967-இல் வாக்குச்சீட்டு வழியாக ஆட்சி மாறியது. இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற உறுதி, அந்த ஆண்டு இறுதியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தில் ஏறியது. 1969 பொங்கலன்று மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு ஆனது. தமிழ்நாட்டை இந்தியாவோடு ஒட்டியது இந்த உடன்பாடுதான். இந்தத் தம்மம்பட்டியின் மரத்தச்சர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: இணைப்பில் பசை தடவாமல் கயிற்றால் எவ்வளவு இறுக்கினாலும், அவிழ்த்ததும் பலகை பிரிந்துவிடும். சீனப் போர் கயிறு.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் குடும்பத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதம அமைச்சர் ப.சுப்பராயன், 1955-இல் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தில் இருந்துகொண்டே இந்தி அவசரத்துக்கு எதிராக மாற்றுக் குறிப்பு எழுதினார். போர் மூள்வதற்குச் சில நாள் முன்பு காலமானார். அவர் மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் 1966-இல் இந்தியத் தரைப்படைக்கே தலைமைத் தளபதி ஆனார். டெல்லியோடு மொழிக்காக வாதாடிய வீட்டிலிருந்துதான் நாட்டின் படைக்குத் தலைவர் வந்தார். வாதாட இடம் இருந்ததும் இந்த விசுவாசத்துக்கு ஒரு காரணம்.

இதற்கு நேர் எதிர்ச்சாட்சி பாகிஸ்தான். இந்தியா என்ற நிரந்தர எதிரி அதற்கு 1947 முதலே உண்டு. 1965-இல் முழுப் போரும் நடந்தது. ஆனால் 1952-இல் டாக்காவில் வங்கமொழிக்காக மாணவர்கள் உயிர்விட்ட பிறகும் கிழக்குப் பாகிஸ்தானின் குறை தீரவில்லை. போர் முடிந்த மறு ஆண்டே முஜிபுர் ரகுமான் ஆறு அம்சக் கோரிக்கையை வைத்தார்; 1971-இல் நாடு இரண்டானது. அர்ஜென்டினாவும் இதற்குச் சாட்சி: அங்கே 1982 ஏப்ரலில் ஃபாக்லாந்து தீவுகளைப் பிடித்த ராணுவ ஆட்சியைத் தலைநகரமே வாழ்த்தியது. ஜூனில் தோற்றதும் அந்த ஆட்சியின் தலைவர் கால்தியேரி வீழ்ந்தார்.

எதிரியைக் காட்டும் ஒற்றுமைக்கு விலையும் உண்டு. 1962-இல் சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவலி முகாமில் அடைக்கப்பட்டார்கள். இது தனி உரைக்குரியது.

இனி வருபவர்கள் செய்ய வேண்டியவை சில. 1962-63-இல் தேசியப் பாதுகாப்பு நிதிக்குச் சேலம் மாவட்டத்து ஊர்கள் கொடுத்தவற்றை, நாளிதழ்களிலிருந்தும் ஆட்சியர் அலுவலகக் கோப்புகளிலிருந்தும் திரட்ட வேண்டும். அதே ஊர்கள் 1965-இல் என்ன செய்தன என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பகுதிகளில் அன்று மாணவர்களாக இருந்தவர்களுக்கு இன்று வயது எண்பதைத் தொடுகிறது. அவர்கள் சொல்வதை உடனே பதிவு செய்ய வேண்டும். 1965 செப்டம்பர்ப் போரில் மாணவர் இயக்கம் எப்படி நடந்துகொண்டது என்பதற்கும், இலங்கையின் 1956 சிங்களச் சட்டத்தோடு ஒப்பிடுவதற்கும் தனித்தனி ஆய்வேடுகள் தேவை. முதல் பணியை நம் கங்கவல்லி வட்டத்திலிருந்தே தொடங்கலாம்.