சுக்கானின் கீச்சொலி

மோட்டார் வண்டி பேசத் தெரியாத பொறி. ஆயினும் தன் குறையை ஒலியால் உணர்த்தவல்லது. சாரதி சுக்கானைத் திருப்புந்தோறும் எழும் கீச்சொலி அத்தகைய ஓர் அறிவித்தல். சிலர் அதனைப் பொருட்படுத்தாது விடுவர். வேறு சிலர் எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கண்ட இடமெல்லாம் ஊற்றி ஒலியை அடக்குவர். இரண்டும் பிழையே. ஒலி பிறக்கும் இடத்தை அறிந்த பின்னரே பரிகாரந் தேடல் வேண்டும்.

சுக்கான் வளையத்திலிருந்து ஒரு தண்டு கீழிறங்குகின்றது. சாரதியின் காலடித் தகட்டைத் துளைத்துச் சென்று, பற்சட்டத்தையோ பற்சக்கரப் பெட்டியையோ அது இயக்குகின்றது. அங்கிருந்து இணைகோல்கள் முன்சில்லுகளைத் திருப்புகின்றன. இத்தொடரில் உராயும் இடம் எதுவும் கீச்சிடலாம்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைத்தடையை இழுத்து, பின்சில்லுகளுக்கு மரக்கட்டை அணை கொடுத்தல் வேண்டும். எஞ்சினை இயக்காது, சுக்கானின் பூட்டை மாத்திரம் விடுவித்து, வளையத்தைச் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்கலாம். ஒலி கைக்கருகே கேட்பின், வளையம் தண்டின் மேலுறையோடு உராய்கின்றது எனக் கொள்ளலாம். காலடியிற் கேட்பின், தண்டு புகும் துவாரத்து றப்பர் வளையம் உலர்ந்திருக்கக்கூடும். இந்த றப்பருக்கு சிலிக்கோன் கிறீஸே ஏற்றது. சாதாரண எண்ணெய் றப்பரை ஊதச் செய்து கெடுக்கும். காற்றுப்பை பொருத்திய வண்டிகளில் வளையத்தைக் கழற்றும் வேலையைப் பயின்ற மெக்கானிக்கிடமே விடுதல் வேண்டும். தவறிக் காற்றுப்பை விரிந்தால் முகமும் கையும் காயமுறும்.

எஞ்சின் ஓடும்போது மாத்திரம் ஒலி எழுந்து, சுக்கானைக் கடைசிவரை திருப்புகையில் உரத்துக் கேட்பின், ஐயம் வேறிடம் செல்லும். எண்ணெய் அழுத்தத்தால் உதவிபெறும் சுக்கானில், பம்பியைச் சுழற்றும் பெல்ற் தளர்ந்து வழுக்குகையில் அவ்வாறு அலறும். எண்ணெய் குறைந்தாலோ பம்பி முனகும். மின்மோட்டாரால் மாத்திரம் உதவிபெறும் புதிய வண்டிகளில் இந்தப் பம்பியும் அதன் பெல்ற்றும் இல்லை. ஆகவே அவற்றில் இக்காரணத்தைத் தேட வேண்டுவதில்லை.

மூன்றாவது இடமே அஞ்சத்தக்கது. ஒருவர் சுக்கானை மெல்லத் திருப்ப, மற்றொருவர் வெளியே சில்லருகே செவிகொடுத்து நிற்பாராக. ஒலி அங்கிருந்து வருமாயின், பந்து மூட்டுகளையும் இணைகோல் முனைகளையும் நோக்குதல் வேண்டும். மூட்டின் றப்பர் உறை கிழிந்தால் நீரும் மணலும் உட்புகும். கிறீஸ் கழுவுண்டு போகும். இரும்போடு இரும்பு உராயும். மழைநாளிற் கீச்சொலி ஓய்ந்துவிட்டது என மகிழ்தல் கூடாது. ஈரம் சிறிது நேரம் மசகாய் உதவியிருக்கலாம். வெயில் வந்ததும் ஒலி மீளும். தேய்வோ ஒருநாளும் ஓய்வதில்லை.

இதற்குத் தக்க சான்று மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான இவ்வண்டி இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகின்றது. அதன் முன்சில்லுகள் திரும்பும் மூட்டுகள் மரையிட்டவை. காலந் தவறாது கிறீஸ் ஏற்றப்படவேண்டியவை. கிறீஸின்றி மரை தேயுமாயின், கீழ்மூட்டு கழன்று சில்லு மடிந்து வண்டி சரியும். புதிய வண்டிகளிற் பெரும்பாலானவற்றின் மூட்டுகள் மூடி முத்திரையிடப்பட்டவை. அவற்றுக்குக் கிறீஸ் ஏற்ற வழியில்லை; தேய்ந்தால் மாற்றுவதே முறை. இணைகோல் முனையை மாற்றியபின் சில்லுகளின் நேர்நிலையையும் சரிபார்த்தல் வேண்டும்.

கராஜில் வண்டியை உயர்த்தி உறுதியான தாங்கியில் நிறுத்தியபின், சில்லின் மேலும் கீழும் பற்றி அசைத்துப் பார்ப்பர். ஆட்டம் தென்படின், அது சில்லின் பெயறிங்கிலா மூட்டிலா என ஆராய்ந்து தெளிவர். மூட்டில் ஆட்டமிருப்பின், அவ்வண்டி திருத்தப்படும்வரை வீதிக்கு வருதல் தகாது.

மேலுறையின் உராய்வு செவிக்கு மாத்திரமே தொல்லை. மூட்டின் தேய்வோ கடுகண்ணாவைச் சரிவின் வளைவொன்றில் உயிருக்கே இறுதியாகலாம். இரண்டும் ஒரே குரலிற் கீச்சிடுவதாலேயே, குரல் எழும் இடத்தைச் சாரதி பொறுமையோடு தேடியறிதல் வேண்டும்.