இருபது எழுத்து மந்திரம்

பிள்ளைப் பராயத்து விளையாட்டுகளைப் பற்றி எழுதப் புகுந்தால் நமது எழுத்தாளர்கள் கிளித்தட்டையும் கிட்டிப்புள்ளையும் பட்டத்தையும் நினைவுகூர்வார்கள். வீடியோ கேம் என்றால் மட்டும் முகம் சுளிப்பவர்கள் பலர். அது கண்ணைக் கெடுப்பது, படிப்பைக் கெடுப்பது, இலக்கியத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்பது அவர்கள் கேள்வி. அந்த உறவு எப்படிப்பட்டது என்பதைக் காட்டும் யப்பானியச் செய்தி ஒன்றையே இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

1889ஆம் ஆண்டில் கியோட்டோ நகரிலே சீட்டுக்கட்டுத் தயாரிக்கும் நிறுவனமாகத் தொடங்கியது நின்ரென்டோ. அந்த நிறுவனம் 1983 ஜூலை 15ஆம் திகதி 'பமிக்கொம்' என்ற விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. வெள்ளையும் கருஞ்சிவப்பும் கலந்த சின்னப் பெட்டி அது. மேலே கசற்றைச் செருக வேண்டும், தொலைக்காட்சியோடு இணைக்க வேண்டும். இரண்டு கைப்பிடிகள் வயரினால் பெட்டியோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருந்தன. வயரோ குட்டையானது. ஆகவே அண்ணனும் தம்பியும் சண்டை பிடித்துக்கொண்டாலும் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார வேண்டும். இன்று ஐம்பது வயதை அண்மித்துவிட்ட யப்பானியர் பலருக்குப் பிள்ளைப் பராயம் என்றால் நினைவில் எழுவது இந்தப் பெட்டிதான்.

ஆனால் அந்தப் பெட்டிக்கு நினைவாற்றல் இல்லை. ஆளியை அணைத்தால் அதுவரை விளையாடியது அத்தனையும் போய்விடும். பத்து நிமிடத்தில் முடியும் விளையாட்டுக்கு இது ஒரு குறையல்ல. பல நாட்கள் தொடரும் கதையை விளையாட்டாக்க விரும்பியவருக்கு அது பெரிய தடையாயிற்று.

அப்படி விரும்பியவர் யூஜி ஹொரி. வசேடா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்றவர், சித்திரக்கதை வரைய ஆசைப்பட்டவர், பத்திரிகை எழுத்தாளராகவும் இருந்தவர். அவருடைய 'ட்ராகன் குவெஸ்ற்' 1986 மே 27ஆம் திகதி வெளிவந்தது. படங்களை அகிரா தொரியாமாவும் இசையை கொய்ச்சி சுகியாமாவும் ஆக்கினார்கள். தனியொரு வீரன் நாடெங்கும் அலைந்து, அரக்கரை வென்று, பொருளும் அனுபவமும் சேர்த்து, இறுதியில் ட்ராகன் அரசனை எதிர்கொள்வதே கதை. முழு விளையாட்டும் 64 கிலோபைற் அளவுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இடம் போதாமையால் யப்பானிய மொழியின் கட்டகானா எழுத்துகளில் ஏறக்குறைய இருபதை மாத்திரமே வைத்துக்கொண்டு, அவற்றால் எழுதக்கூடிய பெயர்களையே அரக்கருக்குச் சூட்டினார்கள். தளையும் சீரும் பார்த்துச் சொல் தேடும் புலவனின் நிலையை ஒத்தது இது.

அன்றைய விளையாட்டை நிறுத்த வேண்டிய நேரம் வந்தால் பிள்ளை என்ன செய்யும்? தன் வீரனை அரசனிடம் கொண்டுபோகும். அரசன் 'உயிர்மீட்பு மந்திரம்' ஒன்றைச் சொல்வான். இருபது ஹிரகானா எழுத்துகள் திரையில் தோன்றும். வீரனின் பெயர், அவனது அனுபவம், கையிலுள்ள பொன், சுமந்து செல்லும் பொருட்கள் யாவும் அந்த இருபது எழுத்துகளுக்குள் மறைந்திருக்கும். பிள்ளை அதைக் கொப்பியிலே எழுதிவைத்துக்கொண்டு ஆளியை அணைக்கும். மறுநாள் அதே எழுத்துகளைத் திரும்பக் கொடுத்தால் வீரன் மீண்டும் அரசன் முன் வந்து நிற்பான்.

அந்த எழுத்துகள் ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று என்ற வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. முதல் மூன்றும் ஹைக்கூவின் அளவு என்பதை நேயர்கள் உடனே கண்டுகொள்வீர்கள். பாஷோவின் புகழ்பெற்ற தவளைக் கவிதையை எழுதி, கடைசியில் உரிய மூன்று எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் அதையும் பெட்டி செல்லுபடியான மந்திரமாக ஏற்றுக்கொள்ளும் என்பது அந்நாட்டு ரசிகர் பலரும் அறிந்த வேடிக்கை.

ஆனால் ஓர் எழுத்துப் பிழைத்தால் மந்திரம் பலிக்காது. ஹிரகானாவில் நெ, ரெ, வ என்ற மூன்று எழுத்துகளும் இடப்பக்கத்தில் ஒரே வடிவம், வலப்பக்கத்து முடிவில்தான் வேறுபாடு. நு என்பதையும் மெ என்பதையும் பிரிப்பது வாலிலுள்ள ஒரு சுழி. 1987 ஜனவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்துகள் வரை நீண்டது. எழுத்தின் தலையில் இரு சிறு கோடு இட்டால் ஓர் ஒலி, சிறு வட்டம் இட்டால் வேறோர் ஒலி. மங்கலான திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஓரெழுத்துப் பிழையால் பாட்டின் பொருள் கெடும் என்று பதிப்பாசிரியர்கள் சொல்வார்கள். இங்கே பல நாள் உழைப்பே அழிந்தது. பிரதி செய்வோனின் பொறுப்பு எத்தகையது என்பதை அந்தப் பிள்ளைகள் பாடசாலையிலே கற்கவில்லை, பென்சிலும் கையுமாகத் திரைக்கு முன்னிருந்து கற்றார்கள்.

1988 பெப்ரவரி 10ஆம் திகதி மூன்றாம் பாகம் வந்தபோது இந்தச் சிரமம் நீங்கியது. கசற்றுக்குள்ளேயே நாணயம் போன்ற ஒரு சிறு பற்றரியை வைத்தார்கள். இனிக் கொப்பி தேவையில்லை, கசற்றே நினைவில் வைத்திருக்கும். 'சாகசப் புத்தகம்' என்று அதற்குப் பெயரும் இட்டார்கள். ஆனால் முறைப்படி அணைக்காவிட்டால் புத்தகம் அழிந்துபோகக்கூடும். அழிந்துவிட்டது என்ற அறிவிப்போடு காதைக் கீறும் இசையொன்றும் ஒலிக்கும். அந்த இசையை நினைத்தால் இன்றும் நெஞ்சு திடுக்கிடும் என்பார்கள் அந்தத் தலைமுறையினர்.

காலம் கடந்தது. 2003இல் பமிக்கொம் தயாரிப்பு நின்றது. 2007இல் திருத்தும் சேவையும் நிறுத்தப்பட்டது. கசற்றுக்குள் இருந்த பற்றரிகள் ஒவ்வொன்றாக உயிர்விடுகின்றன. புதிய பற்றரி பொருத்தலாம், ஆனால் பழையது இறந்தபோதே அந்தப் பிள்ளை தன் வீரனுக்குச் சூட்டிய பெயரும் இறந்துபோயிற்று.

பழைய கொப்பியின் கதை வேறு. பழுப்பேறிய தாளிலே பத்து வயதுக் கை எழுதிய இருபது எழுத்துகள் எங்கேனும் ஓர் இலாச்சியில் கிடந்தால், அந்த மந்திரம் இன்றும் பலிக்கும். முதலாம் பாகத்தின் கசற் எதுவாயினும் சரி, அதே பெயரோடு, அதே பொன்னோடு வீரன் எழுந்து வருவான். பொறி தன்னுள் வைத்துக் காத்தது பொறியோடு போயிற்று. பிள்ளை சிரமப்பட்டுத் தன் கையால் எழுதிவைத்தது நிலைத்திருக்கிறது. வீடியோ கேமுக்கும் எழுத்துக்கும் என்ன உறவு என்று கேட்போருக்கு அந்தக் கொப்பியே விடை.