கல் சொல்வதும் சொல்லாததும்

(வட்டத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



1852ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள். வட அமெரிக்காவில் நெப்ராஸ்காச் சமவெளியின் ஊடே மேற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்த வண்டித் தொடர் ஒன்றில் ரெபெக்கா விண்டர்ஸ் என்னும் பெண்மணி காலரா கண்டு இறந்தார். வயது ஐம்பது. புதைக்க மண் இருந்தது. பெயர் பொறிக்கக் கல்லும் இல்லை, கல்தச்சரும் இல்லை. குடும்ப நண்பரான வில்லியம் ரெனால்ட்ஸ் என்பவர் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை ஒன்றை எடுத்தார். அதில் உளியால் அப்பெண்ணின் பெயரையும் வயதையும் வெட்டி, வளைத்து, குழியின்மேல் நட்டுவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார்கள்.

அதன்பின் நாற்பத்தேழு ஆண்டுகள் அந்தப் பட்டை மழையிலும் பனியிலும் நின்றது. 1899இல் அவ்வழியே இருப்புப்பாதை போட அளவெடுக்க வந்தவர்கள் அதைக் கண்டார்கள். பாதையைச் சற்றே விலக்கிப் போட்டார்கள். பட்டையில் இருந்த பெயரைக் கொண்டே செய்தி யூட்டா மாநிலத்துக்குப் போயிற்று. அங்கே வழித்தோன்றல்கள் இருந்தார்கள். தங்கள் பாட்டி எங்கோ வழியில் இறந்தார் என்ற அளவில் கேட்டிருந்தவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. 1902இல் நினைவுக்கல் நட்டார்கள். தண்டவாளத்தை ஒட்டி வருவோர்க்கு ஆபத்து என்பதால் 1995இல் அந்தக் கல்லறையைச் சற்றுத் தொலைவில் மாற்றி அமைத்தபோதும் வழிவந்தோர் கூடியிருந்தனர். ஒரு பெயர், ஒரு வயது: அவ்வளவே இரும்பில் எழுதப்பட்டது. நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு குடும்பத்தைக் கூட்டி வைக்க அது போதுமானதாக இருந்தது.

இது விதிவிலக்கு என்பதை உடனே சொல்லியாக வேண்டும். மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஆரிகன் நிலம் வரை ஏறத்தாழ இரண்டாயிரம் மைல். 1840களிலும் 50களிலும் அந்த வழியிலும் அதன் கிளைகளிலும் சென்று இறந்தோர் இருபதாயிரத்துக்குக் குறையார் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு அடையாளமே இல்லை. ஓநாய்கள் தோண்டிவிடும் என்று அஞ்சி, வழித்தடத்தின் நடுவிலேயே புதைத்து, மேலே வண்டிகளை ஓட்டி மண்ணை இறுக்கிச் சென்றதுண்டு. அன்பின் காரணமாகவே அடையாளத்தை அழித்துவிட்டுப் போனார்கள்.

முன்னோடிக் குடியேறிகளின் கல்லறைகளைத் தேடிக் குடும்ப வரலாறு எழுதுவது அந்நாட்டில் இன்று பெருவழக்கு. 1976இல் அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' நூலும் அடுத்த ஆண்டு அதன் தொலைக்காட்சித் தொடரும் வந்தபின் அந்த ஆர்வம் வீட்டுக்கு வீடு பரவியது. பொழுதுபோக்கு என்று சிலர் எள்ளுவர். ஆனால் இதற்கு வேறு வழியில்லாத காரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பிறப்பு இறப்புப் பதிவு மிகப் பிந்தியே முறைப்பட்டது. எல்லா மாநிலங்களும் தேசியப் பதிவு வட்டத்துக்குள் வந்து சேர்ந்தது 1933இல்தான். மக்கள் கணக்கெடுப்பிலும் 1850க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் மக்களும் வெறும் எண்ணிக்கை. 1890ஆம் ஆண்டுக் கணக்கேடுகளோ 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தில் சிதைந்து பெரும்பாலும் இல்லாமலே போயின. ஆகவே 1848இல் இறந்த ஒரு குழந்தைக்கு உலகில் உள்ள ஒரே சான்று ஒரு மேட்டில் சாய்ந்து நிற்கும் சலவைக்கல்லாக இருக்கலாம். கல் உதிர்ந்தால் சான்றும் உதிரும்.

ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டு நகரில் 'லோன் ஃபர்' என்றொரு கல்லறைத் தோட்டம் உள்ளது. தனி ஃபர் மரம் என்பது பொருள். அதன் தோற்றமே ஒரு குடும்ப வரலாறு. 1846இல் எம்மர் ஸ்டீவன்ஸ் என்ற முதியவர் இறந்தார். மகன் ஜேம்ஸ் தன் பண்ணையிலேயே அவரைப் புதைத்தார். 1854இல் அந்நிலத்தைக் கோல்பர்ன் பேரல் என்பவருக்கு விற்றபோது, தந்தையின் கல்லறையைப் பேணவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அதே ஆண்டில் பேரலுக்குப் பங்கிருந்த 'கசெல்' என்ற நீராவிப் படகு ஆரிகன் சிட்டி அருகே வெடித்துச் சிதறியது. இறந்தவர்களுள் அவருடைய கூட்டாளி கிராஃபோர்டு டாபின்சும் ஒருவர். அவரையும் ஒரு பயணியையும் முதியவரின் கல்லறை அருகே அடக்கம் செய்தார் பேரல். மறு ஆண்டு அங்கே பத்து ஏக்கரைக் கல்லறை நிலமாக ஒதுக்கி, நண்பர் பெயரால் 'மௌண்ட் கிராஃபோர்டு' என்று அழைத்தார். பின்னர் நிலம் விரிந்தது. நகராட்சிக்கு விற்க முன்வந்தபோது, ஊருக்கு மிகத் தொலைவு என்று மறுத்துவிட்டார்களாம். இன்று அது நகரின் நடுவில் இருக்கிறது. 1866இல் கைமாறியபோது, அங்கே தனியே நின்ற ஒரு ஃபர் மரத்தை வைத்து இப்போதைய பெயர் வந்தது. இன்று அங்கே மரங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பெயர் மட்டும் இன்னும் ஒற்றை மரத்தோடு நிற்கிறது.

ஜேம்ஸ் ஸ்டீவன்சும் மனைவி எலிசபெத்தும் அங்கேயே துயில்கின்றனர். அவர்களின் கல்லில் கணவனும் மனைவியும் கைகோத்து நிற்கும் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. சேர்ந்து வாழ்ந்த காலத்தை ஐம்பத்தேழு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் என்று எண்ணிச் சொல்லி, தாங்கள் உருவான மூலப் பொருள்களுக்கே திரும்புவதாகவும் எழுதியிருக்கிறார்கள். சொர்க்கம் பற்றிய சொல் அதில் இல்லை. முன்னோடிகள் அனைவரும் ஒரே வார்ப்பில் அமைந்த பக்தர்கள் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கலாம். வரலாறு தேடுபவருக்கோ அந்த நாள் கணக்கே புதையல். எலிசபெத் மறைந்தது 1887இல். அந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கழித்தால் 1830இன் ஒரு குறிப்பிட்ட நாள் வருகிறது; அதை மணநாளாகக் கொண்டு ஏடுகளில் தேடத் தொடங்கலாம்.

இந்தக் கழித்தல் அக்காலக் கற்கள் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படும். பிறந்த நாளை எழுதாமல், இறந்த நாளையும் அன்றைய வயதையும் ஆண்டு, மாதம், நாளாகப் பொறிப்பதே வழக்கமாக இருந்தது. 1853 மார்ச்சு 10இல் இறந்தவர்க்கு வயது 24 ஆண்டு 3 மாதம் 5 நாள் என்று கல் சொன்னால், பிறந்தது 1828 டிசம்பர் 5. நாள்களையும் எண்ணி எழுதினார்கள் என்பதில் ஒரு துயரம் இருக்கிறது. சிறு குழந்தைகளின் கற்களில் அந்த நாள் கணக்கு மட்டுமே இருக்கும்.

சொற்களையும் கூர்ந்து நோக்கவேண்டும். பெண்களின் கற்களில் 'கன்சார்ட்' என்றும் 'ரெலிக்ட்' என்றும் இரு சொற்கள் வரும். முன்னது கணவன் உயிரோடிருக்க இறந்தவளைக் குறிக்கும். பின்னது கணவனை இழந்தபின் இறந்தவளை. சுமங்கலி, கைம்பெண் என்ற சொற்களை உடைய தமிழர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒற்றைச் சொல்லால் கணவனின் இறப்பு இன்ன ஆண்டுக்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடுகிறது. அடுத்து எந்த ஏட்டைப் புரட்டவேண்டும் என்பதை அதுவே சொல்லும். 1850ஆம் ஆண்டு ஆரிகன் நிலக்கொடைச் சட்டப்படி மணமானவர்களுக்கு 640 ஏக்கர் கிடைத்தது. அதில் பாதி மனைவியின் சொந்த உரிமை. அதனால் நிலக்கொடைக் கோப்புகளில் மணமான நாளும் இடமும் எழுதப்பட்டிருக்கும். கல்லில் மங்கிப்போன எழுத்தைக் கோப்பு தெளிவாக்கும். கோப்பில் இல்லாத குழந்தையைக் கல் காட்டும்.

கல்லில் பொறிக்கப்பட்டதெல்லாம் உண்மை என்று கொள்வது பெரும்பிழை. பல கற்கள் இறந்து இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, பேரப்பிள்ளைகள் கையில் பணம் வந்தபின் நட்டவை. நினைவில் இருந்த ஆண்டைச் சொன்னார்கள், தச்சர் வெட்டினார். தேய்ந்த கல்லில் 1ம் 7ம், 3ம் 8ம் ஒன்றாகத் தோன்றும். ஒரு தவறான வாசிப்பு ஒரு தலைமுறையையே இடம் மாற்றிவிடும். அதை மற்றவர் படியெடுக்க, நாளடைவில் பத்துக் குடும்ப மரங்களில் அதே பிழை காய்க்கும். 1995இல் தொடங்கிய 'ஃபைண்ட் எ கிரேவ்' போன்ற இணையத் தொகுப்புகள் கோடிக்கணக்கான கல்லறைகளின் விவரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டன. அது பேருதவிதான். ஆயினும் படத்தில் ஒரு கல்தான் தெரியும். பக்கத்துக் கல் தெரியாது. நேரில் சென்றவர்க்கே, தாயின் காலடியில் பெயரில்லாத இரண்டு சிறு கற்கள் இருப்பது புலப்படும். பக்கத்தில் வேறு குடும்பப் பெயரில் ஒரு கல் இருந்தால், அது மணமாகிப் போன மகளாகவோ மனைவியின் பெற்றோராகவோ இருக்கக்கூடும்.

கற்களின் இயல்பும் பலவகை. சலவைக்கல் அழகானது, ஆனால் அமில மழையில் கரைந்து, தொட்டால் சர்க்கரைபோல் உதிரும். மணற்கல் ஏடேடாகப் பிரியும். 1874 முதல் 1914 வரை கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் துத்தநாகத்தில் வார்த்து, 'வெள்ளை வெண்கலம்' என்ற ஆடம்பரப் பெயரில் விற்ற கல்லறைச் சின்னங்களும் உண்டு. விலை மலிவு, உள்ளே வெற்றிடம், தட்டினால் தகர ஓசை என்று பலர் இகழ்ந்தனர். இன்று எதிரே நின்று எளிதில் படிக்க முடிவது அவற்றைத்தான்!

எழுத்துத் தெரியவில்லை என்று கல்லின்மேல் சவர நுரை பூசுவோரும், கம்பித் தூரிகையால் தேய்ப்போரும், சலவைத் தூளைக் கொட்டுவோரும் உண்டு. முன்னோரைத் தேடி வந்து முன்னோரின் பெயரையே அழித்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். எழுத்தைப் படிக்க அதுகூட வேண்டாம். ஒரு நிலைக்கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கல்லின்மேல் பக்கவாட்டில் சாய்த்து விழச்செய்தால், பள்ளத்தில் நிழல் தேங்கி எழுத்து எழுந்து வரும்.

இதுவரை சொன்னது கல் உள்ளவர்களைப் பற்றி. லோன் ஃபரில் இருபத்தையாயிரம் பேருக்குமேல் புதைக்கப்பட்டுள்ளனர். அவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் யாரென்று தெரியாது. மரப்பலகை நட்டவர்களின் பலகை மக்கிவிட்டது. ஏடுகளும் சரியாக எழுதப்படவில்லை. மனநலக் காப்பகம் நடத்திய மருத்துவர் ஹாத்தார்ன் தம்மிடம் இறந்த ஆதரவற்ற நோயாளிகள் நூற்றுக்கும் மேற்பட்டோரை அங்கே அடக்கம் செய்வித்தார். மருத்துவரின் பெயர் இன்றும் அந்நகரின் ஒரு பெருந்தெருவுக்கு இருக்கிறது.

தோட்டத்தின் தென்மேற்கு மூலைக்குப் பதினான்காம் பகுதி என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதையிலும் மீன் பதனிடும் ஆலைகளிலும் வீட்டு வேலையிலும் உழைத்த சீனர்களை அங்கே புதைத்தனர். 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்கள். அயல்மண் தங்குமிடமே அன்றி உறைவிடம் அன்று என்பது அவர்களின் கொள்கை. சில ஆண்டுகள் கழித்து எலும்புகளைத் தோண்டி எடுத்துத் தூய்மை செய்து, பெட்டியில் இட்டு, ஆங்காங் வழியாகச் சொந்த ஊருக்கு அனுப்புவார்கள். இதற்கென்றே சங்கங்கள் இருந்தன. 1940களின் இறுதியில் இறுதியாக எலும்புகள் எடுக்கப்பட்டன. எல்லாம் போய்விட்டன என்று எண்ணி, அந்த இடத்தில் மாவட்ட நிர்வாகம் கட்டடம் எழுப்பி, சுற்றிலும் வண்டி நிறுத்துமிடம் அமைத்தது. 2004இல் அந்நிலத்தை விற்கும் பேச்சு எழுந்தபோது, உள்ளே இன்னும் உடல்கள் இருக்கக்கூடும் என்று சீன சமூகத்தார் வற்புறுத்தினார்கள். தொல்லியலார் தோண்டிப் பார்த்தார்கள், உடல்கள் இருந்தன. 2007இல் கட்டடம் இடிக்கப்பட்டது. அங்கே நினைவுத் தோட்டம் அமைக்கும் முயற்சி அதன்பின் தொடங்கியது.

அப்படி ஒருவரின் கொள்ளுப்பேரன் இன்று தேடி வந்தால் முதலில் தடுக்கி விழுவது பெயரில்தான். மேற்கு அமெரிக்காவின் ஏடுகள் பலவற்றில் சீனர்க்குப் பெயரே எழுதாமல், 'சீனன்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். பெயர் எழுதிய இடத்திலும் 'ஆ' என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாக நிற்கும். அந்த 'ஆ' குடும்பப் பெயர் அன்று. ஊரில் நெருக்கமானவர்கள் பெயருக்கு முன் ஒட்டிக் கூப்பிடும் செல்ல ஒலி. எழுத்தர் அதைக் குடும்பப் பெயராக எழுதிக்கொள்ள, உண்மையான குடும்பப் பெயர் விடுபட்டுப் போயிற்று. சீனரின் கல்லறைக் கல் கிடைத்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. நடுவில் முழுப்பெயரும், பக்கத்தில் பிறந்த மாவட்டமும் சிற்றூரும் இருக்கும். வெள்ளையர் கற்களில் அரிதாகவே கிடைக்கும் விவரம் அது. கல் நட வசதியில்லாத இடங்களில் சிலர் வேறொரு வழி கண்டார்கள். ஒரு செங்கல்லில் இறந்தவரின் பெயரையும் ஊரையும் எழுதி, அதை மேலே நடாமல், உடலோடு சேர்த்துக் குழிக்குள் வைத்து மூடினார்கள். பின்னொரு நாள் எலும்பு எடுக்க வருபவர் படிப்பதற்காக.