பிஞ்சுக் கைகளும் மண்ணும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். இன்று நான் பேச வந்தது மண்ணைப் பற்றி.

“மண்ணுல கை வைக்காதே, போய்ப் படி!” நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போய், கொசுக்கடியில் பால் வெட்டிய பரம்பரை நாம். நாம பட்ட பாடு பிள்ளைங்களுக்கு வேணாம் என்று நினைக்கிறோம். ஆனால், மண்ணைத் தொட்டால் படிப்பு கெட்டுவிடுமா?

டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமாபுரியில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பாலர் இல்லம் தொடங்கியவர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். உலகப் போரினால் நாடு திரும்ப முடியாமல் கொடைக்கானலில் தங்கினார். அங்கே பிள்ளைகள் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் நேரில் கவனித்துக் கற்கும் முறையை வளர்த்தார்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பிள்ளை, தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்று உணர்கிறது. பொறுமையும் தானாக வருகிறது. இதுவே அம்மையாரின் கருத்து. யாரும் அதட்ட வேண்டியதில்லை. வாடிய இலையே சொல்லிவிடும்.

பாகான் டாலாம் அடுக்குமாடி வீட்டிலும் இதைச் செய்யலாம். பழைய மைலோ டின்னின் அடியில் ஆணியால் நாலு துளை போடுங்கள். மண் நிரப்பி, பச்சைப்பயறு ஊன்றச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் முளை விடும். கங்கோங் கீரை நாலைந்து வாரத்தில் சட்டிக்கு வரும். வெண்டி காய்க்கச் சுமார் இரண்டு மாதம். பிள்ளை இலையை எண்ணட்டும், உயரத்தை அளக்கட்டும், தேதி போட்டு எழுதட்டும். கணக்கும் தமிழும் அறிவியலும் அந்த டின்னுக்குள்ளேயே இருக்கின்றன! தண்ணீர் மட்டும் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு பெருகும். விடுமுறையில் ஃபெர்ரி ஏறிப்போய், 1884-இல் அமைத்த பினாங்கு தாவரவியல் பூங்காவையும் காட்டுங்கள்.

தோட்டத்துப் பெரியவர்களே! பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் மரத்துக்குக் காயம் படாது, இலையுதிரும் காலத்தில் பால் ஏன் குறைகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்பா அம்மா செய்த வேலையில் அறிவு இருந்தது என்று தெரிந்த பிள்ளை, அதை வெளியே சொல்ல வெட்கப்படாது. அந்தப் பெருமையோடு அது எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கட்டும்.