நெஞ்சு படபடத்தால் நாடியைப் பிடித்துப் பாருங்கள்



சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடுகின்ற நாம் இன்று நெஞ்சைப் பற்றிப் பேசப்போகிறோம். இரண்டும் வேறுவேறு அல்ல என்பது போகப்போக விளங்கும்.

மலையில் கொழுந்து எடுக்கும்போது திடீரென நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ஒரு துடிப்பு தப்பியது போல இருக்கிறது. கண் இருட்டுகிறது. செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கேட்டால் "ஒன்றுமில்லை, லேசான மயக்கம்" என்கிறோம். அரைப்பேர் போட்டுவிடுவார்களே என்ற பயத்தில் மறுபடியும் கூடையை மாட்டுகிறோம்.

ஓய்வாக இருக்கும் பெரியவர்களின் இதயம் பொதுவாக நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும். மேட்டில் ஏறினால் கூடும், உட்கார்ந்தால் குறையும். அது இயல்பு. உட்கார்ந்த பிறகும் வேகம் குறையாவிட்டால், அல்லது தாளம் தப்பித் தப்பி அடித்தால், அதை விட்டுவிடக் கூடாது. இதில் ஒரு வகை, இதயத்தில் இரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பாரிசவாதத்தைக் கொண்டுவரக்கூடியது.

எது இந்தத் தாளத்தைக் குழப்பும்? அன்றாடம் நாம் செய்பவைதான்.

முதலாவது, தண்ணீர் குடிக்காதது. இதயம் ஒழுங்காகத் துடிக்க உடம்பில் நீரும் பொட்டாசியம் போன்ற உப்புகளும் அளவாக இருக்க வேண்டும். வெயிலில் வியர்வையாகவும், வயிற்றோட்டத்திலும் வாந்தியிலும் அவை போய்விடுகின்றன. வயிற்றோட்டம் என்றால் உடனே ஜீவனி கரைத்துக் குடியுங்கள். ஆனால் மலையில் நம் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது தாகம் இல்லாததாலா? ஒதுங்க ஒரு கழிப்பறை இல்லாததால்தானே!

இரண்டாவது, இரத்தசோகை. இரத்தம் குறைந்தால் இதயம் ஓடி ஓடி ஈடுகட்டப் பார்க்கும். கீரை, பருப்பு, நெத்தலி, முட்டை, இயன்றதைச் சேருங்கள். அளவான தேத்தண்ணியால் நெஞ்சுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள்.

மூன்றாவது, தூக்கம் கெடுவதும் கடன் கவலையும். விடியுமுன் எழுந்து, எல்லோரும் படுத்த பிறகு படுக்கிற தாய்க்கு இரண்டும் உண்டு. வீட்டு வேலையை ஆண்களும் பங்கு போட்டால் அவளுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடும்.

நான்காவது, குடி. தோழர்களே, கோபிக்க வேண்டாம். இதய நோய் இல்லாதவருக்கும், ஒரே இரவில் அளவுமீறிக் குடித்தால் துடிப்பு தாறுமாறாகலாம். பண்டிகை, விடுமுறை நாட்களில் இது அதிகம் என்பதால் வைத்தியர்கள் 'ஹொலிடே ஹார்ட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குச் சம்பள நாளும் அதோடு சேர்த்தி. புகையிலை, பீடி, சிகரெட் எல்லாமே துடிப்பைக் கூட்டும்.

ஐந்தாவது, மருந்து. சில சளி மருந்துகளும் ஆஸ்துமா பம்பும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். நீங்களாக நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

படபடப்பு வந்தால் உட்காருங்கள். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உங்களுக்கு எண்ணித் தரும். நாள், நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது படபடப்பு நின்றிருந்தால் ஈ.சி.ஜி.யில் தெரியாமல் போகலாம். அப்போது அந்தக் காகிதம்தான் உங்களுக்காகப் பேசும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயங்கி விழுதல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தளர்தல், பேச்சுக் குழறுதல் வந்தால் காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

குடியையும் புகையிலையையும் நாம்தான் விட வேண்டும். ஆனால் மலையில் கழிப்பறை, குடிதண்ணீர், மயங்கியவருக்குப் பேரை வெட்டாத ஏற்பாடு, நோயாளிக்கு உடனடி வாகனம் ஆகியவற்றை நிர்வாகத்திடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இந்த நான்கும் நம் கோரிக்கைக் கடிதத்தில் சேர வேண்டும். கையொப்பமிட முன்வாருங்கள்.

கலைந்து போகுமுன், பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடியுங்கள். ஒரு நிமிடம் நாடியை எண்ணிப் பார்ப்போம்.